இரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ: வான்கோமைசினுடன் இரண்டாவது மருந்தைச் சேர்க்கத் தயங்குவது ஏன்?

யீஷூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தந்தைக்கு நெடுங்காலமாக நீரிழிவு உண்டு. காலில் ஆறாமல் இருந்த புண்ணின் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று கூறி அவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இரத்தக் கல்ச்சரில் வளர்ந்தது எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அறை வாசலில் எச்சரிக்கை அட்டை தொங்குகிறது. தாதியர் ஒவ்வொரு முறையும் அங்கியும் கையுறையும் அணிந்த பிறகே உள்ளே செல்கிறார்கள். இத்தனை ஏற்பாடுகளுக்கு நடுவே அவருக்கு ஏறிக்கொண்டிருப்பது வான்கோமைசின் என்ற ஒரே மருந்து.

தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பா, "காசநோய்க்கே நான்கு மருந்து கொடுக்கிறார்கள், இவ்வளவு முரட்டுக் கிருமிக்கு ஒன்றுதானா?" என்று தொலைபேசியில் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்றிரவு தேடிப் படித்தபோது, பழைய ஆன்டிபயாட்டிக் மூன்றைச் சேர்த்துக் கொடுத்ததில் எலிகளின் உடலில் எம்ஆர்எஸ்ஏ அழிந்தது என்ற செய்தி கண்ணில் பட்டது. மறுநாள் காலைச் சுற்றில் மருத்துவரிடம் கேட்டேன். "இப்போதைக்கு ஒன்று போதும், அப்பாவின் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்" என்றார். வேறு நோயாளிகள் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

மருத்துவரோடு வாதாடுவது என் எண்ணமன்று. ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்தால் கிருமி விரைவாகச் சாகாதா, செத்தால் நோயாளிக்கு நல்லதுதானே, பிறகு ஏன் தயங்குகிறார்கள் என்பதை விவரமறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த முறை பொருத்தமான கேள்வியையாவது கேட்பேன்.

மருந்தக மேசை

சகோதரி, உங்கள் தந்தை விரைவில் நலம்பெற வேண்டும். நான் இங்கு ஒரு மருத்துவமனையில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். அவருடைய கோப்பைப் பார்க்காமல் அவருக்கு எது ஏற்றது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் பொதுக் கேள்வி நோயாளிகளிடம் நேரடியாகவே சோதிக்கப்பட்ட ஒன்று. அந்தச் சோதனையில் சிங்கப்பூர் மருத்துவமனைகளும் பங்கேற்றன.

வான்கோமைசின் நம்பகமான மருந்து, ஆனால் மெதுவாகக் கொல்லும் மருந்து. போர்னியோத் தீவின் உட்பகுதியிலிருந்து அனுப்பப்பட்ட மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த அது 1958-ல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. நமக்கு அடுத்த வீட்டு மண்ணின் மருந்து என்றுகூடச் சொல்லலாம். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த க்ளாக்சசிலின் போன்றவை, தமக்குக் கட்டுப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸை அதைவிட விரைவாகக் கொல்லும். எம்ஆர்எஸ்ஏ அவற்றுக்குத் தனியாகக் கட்டுப்படாது என்றாலும், வான்கோமைசினுடன் சேர்த்தால் ஒன்றுக்கொன்று துணைநின்று வேகம் கூடுவதைச் சோதனைக்கூடங்கள் பல முறை கண்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் 60 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஒரு முன்னோட்ட ஆய்விலும், ஃப்ளூக்ளாக்சசிலின் சேர்க்கப்பட்டவர்களின் இரத்தத்தில் கிருமி இருந்த காலம் சராசரியாக மூன்று நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு நாளாகக் குறைந்தது.

அந்த நம்பிக்கையில்தான் கேமரா-2 என்ற பெரிய ஆய்வு 2015-ல் தொடங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இஸ்ரேல் ஆகிய நான்கு நாடுகளின் 27 மருத்துவமனைகளில், இரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ கண்ட பெரியவர்களில் ஒரு பாதியினருக்கு வழக்கமான வான்கோமைசின் அல்லது டாப்டோமைசின் மட்டும் கொடுக்கப்பட்டது. மறு பாதியினருக்கு அதனுடன் முதல் ஏழு நாளுக்கு ஃப்ளூக்ளாக்சசிலின், க்ளாக்சசிலின், செஃபசோலின் ஆகியவற்றுள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. 440 பேரைச் சேர்ப்பது திட்டம். 352 பேரைச் சேர்த்த நிலையிலேயே, பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி ஆய்வு நிறுத்தப்பட்டது.

காரணம், உங்கள் மருத்துவர் சொன்ன அதே சிறுநீரகம். இரண்டு மருந்து பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. ஒரு மருந்து பெற்றவர்களில் அது 6 விழுக்காடு. சேர்த்த மருந்து தன் வேலையைச் செய்யாமலும் இல்லை. ஐந்தாம் நாளிலும் இரத்தத்தில் கிருமி எஞ்சியிருந்தவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 11 விழுக்காடு, மற்றதில் 20 விழுக்காடு. ஆனால் 90 நாள் முடிவில் இறந்தவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 21 விழுக்காடு, மற்றதில் 16 விழுக்காடு. இந்த இறப்பு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. எனினும் உயிர் காத்தது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. முடிவுகள் 2020-ல் வெளிவந்தன.

"செத்தால் நல்லதுதானே" என்று கேட்டிருந்தீர்கள். கிருமி ஒரு நாள் முன்னதாக இரத்தத்தை விட்டு நீங்குவது நல்லதுதான். அந்த ஒரு நாளுக்கு விலையாக நீரிழிவுக்காரர் ஒருவரின் சிறுநீரகத்தைக் கொடுக்க நேர்ந்தால் அது நல்லதா என்பதே வார்டில் எழும் கேள்வி. வான்கோமைசினே அளவு மீறினால் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. அதனால்தான் உங்கள் தந்தையின் கையிலிருந்து குறித்த நேரத்தில் இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். முன்பு அடுத்த டோஸுக்குச் சற்று முந்தைய அளவு 15 முதல் 20 வரை இருக்க வேண்டும் என்பார்கள். 2020-ல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு, ஒரு நாள் முழுவதும் உடல் எவ்வளவு மருந்தை எதிர்கொண்டது என்பதைக் கணக்கிட்டு அதை 400-க்கும் 600-க்கும் இடையில் நிறுத்தும் முறைக்கு மாறி வருகிறோம். கணக்குப் போடுவது எங்கள் மேசையின் வேலை; அதற்கு ஆகும் நேரத்தைப் பற்றித் தனியாகவே ஓர் இழை தொடங்கலாம்.

ஆய்வுக்கூடத்தான்

மருந்தக மேசை சொன்னவற்றோடு நான் உடன்படுகிறேன். சித்தப்பாவின் காசநோய் ஒப்பீட்டையும் அந்த எலிச் செய்தியையும் அவர் தொடவில்லை. இரண்டும் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவனுக்குப் பிடித்த விஷயங்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்ப்பதன் முதன்மை நோக்கம், எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி தலைதூக்காமல் தடுப்பது. நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் ஏதோ ஒன்று ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் ஒரு மருந்திலிருந்து தப்பிவிடக்கூடும். அதே கிருமி மற்ற மருந்துகளிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்புவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. இந்தத் தர்க்கம் வான்கோமைசினுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு சிறு மாற்றத்தால் எம்ஆர்எஸ்ஏ வான்கோமைசினை முழுமையாக வென்றுவிட முடியாது. 2002-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வான்கோமைசினுக்கு முற்றிலும் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டபோது, அது என்டரோகாக்கஸ் என்ற வேறோர் இனத்திடமிருந்து வான்-ஏ என்ற மரபணுத் தொகுதியையே பெற்றிருந்தது. அத்தகைய கிருமி இன்றுவரை அரிதாகவே தென்படுகிறது. செல்சுவரைத் தடிமனாக்கிக்கொண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும் வகை 1990-களில் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அது படிப்படியாக, நீண்ட சிகிச்சையின் போக்கில் உருவாவது. ஆகவே சித்தப்பாவின் வாதம் வேறொரு மருந்துக்கு மிகச் சரி: ரிஃபாம்பிசின். அதைத் தனியாகக் கொடுத்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஒரே மாற்றத்தில், சில நாளிலேயே தப்பிவிடும்.

இனி எலிகள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் நேச்சர் கெமிக்கல் பயாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வையே நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெரோபெனம், பிப்பரசிலின், டாசோபாக்டம் ஆகிய மூன்றும் அவர்கள் சேர்த்த மருந்துகள். மூன்றுமே பெனிசிலினும் அடங்கிய பீட்டா-லாக்டம் குடும்பம். எம்ஆர்எஸ்ஏ என்றால் இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படாதது என்றுதான் பாடம். பிறகு எப்படி வேலை செய்தன?

செல்சுவர் எழுப்பும் நொதிகளைக் கொத்தனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெனிசிலின் வகை மருந்து கொத்தனாரின் கையைக் கட்டிப்போடுகிறது, சுவர் நின்றுபோகிறது, கிருமி வெடித்துச் சாகிறது. எம்ஆர்எஸ்ஏவிடம் மெக்-ஏ என்ற மரபணு கொண்டுவந்த கூடுதல் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். பிபிபி-2ஏ என்ற அவருடைய கை, கட்டுக்குள் சிக்காதபடி மடங்கி மூடியிருக்கும். ஆனால் அவரால் எல்லா வேலையையும் தனியாகச் செய்ய முடியாது. கல்லை நீட்டி அடுக்குவதற்குப் பழைய கொத்தனார்களின் துணை அவருக்கு வேண்டும். ஆய்வாளர்களின் விளக்கப்படி, மெரோபெனம் அந்தக் கூடுதல் கொத்தனாரின் உடம்பில் வேறோர் இடத்தில் தொற்றிக்கொள்ளும்போது மூடிய கை சற்றே திறக்கிறது. பிப்பரசிலின் பழைய கொத்தனார்களைக் கட்டிப்போடுகிறது. பிப்பரசிலினைச் சிதைக்கும் நொதியை டாசோபாக்டம் முடக்குகிறது. ஒரே சுவரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் வேலை நிற்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வேறு. இந்த மருந்துகளில் ஒன்றுக்கு ஈடுகொடுக்கப் பழகும் கிருமி, அதனாலேயே இன்னொன்றுக்கு முன்பைவிட எளிதாகப் பலியாகிறது. ஆகையால் மூன்றும் சேர்ந்திருக்கும்போது எதிர்ப்பாற்றல் வளர்வது தடைபடுகிறது. கூட்டு மருந்துக்கு இதைவிட அழகான நியாயம் இருக்க முடியாது.

அழகு வேறு, வார்டு வேறு. அந்த எலிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது கிருமியைச் செலுத்திய சிறிது நேரத்துக்குள். உங்கள் தந்தைக்கோ கிருமி எப்போது நுழைந்தது என்றே யாருக்கும் தெரியாது. எம்ஆர்எஸ்ஏ வகைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. தவிர, மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகள் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே துடைத்துவிடும். கார்பபெனமுக்கே அடங்காத குடல் கிருமிகள் பரவுவதைக் குறித்து இங்குள்ள மருத்துவமனைகள் ஏற்கெனவே கவலையில் இருக்கும்போது, வான்கோமைசினுக்குக் கட்டுப்படும் ஒரு கிருமிக்காக அந்த ஆயுதத்தை எடுப்பதற்கு நுண்ணுயிர்க்கொல்லிக் கண்காணிப்புக் குழு எளிதில் இசையாது. இசையாதது சரி என்பதே என் கருத்து.

கூட்டு மருந்தை நாங்கள் எப்படிச் சோதிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. இடமிருந்து வலமாக ஒரு மருந்தின் அளவையும், மேலிருந்து கீழாக மற்றதன் அளவையும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவோம். எல்லாக் குழியிலும் ஒரே அளவு கிருமியை இட்டு, 35 பாகையில் இரவு முழுவதும் வைப்போம். காலையில் கலங்கிய குழியில் கிருமி வளர்ந்திருக்கிறது, தெளிந்த குழியில் வளரவில்லை. தனியாக வேண்டியிருந்த அளவில் கால் பங்கோ அதற்கும் குறைவோ இரண்டிலும் போதுமானால், இரண்டும் ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கின்றன என்போம். சில இணைகளில் இதற்கு நேர்மாறாக, சேர்த்ததனால் கூடுதல் மருந்து தேவைப்படுவதும் உண்டு. 1951-லேயே, நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் பெனிசிலினுடன் ஆரியோமைசினைச் சேர்த்தபோது, பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட அதிகமானோர் இறந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். வளரும் கிருமியைத்தான் பெனிசிலின் கொல்லும். ஆரியோமைசினோ வளர்ச்சியை நிறுத்திவைத்துவிடுகிறது. சேர்த்தால் நன்மை குறைவாக இருக்கலாமே தவிர கெடுதி வராது என்று எண்ணுவோருக்கு இந்தப் பழைய எடுத்துக்காட்டைத்தான் நான் காட்டுவது வழக்கம்.

தோ பாயோ தாத்தா

இருவரும் நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் படிப்பவர்களுக்குக் கூட்டு மருந்தே தவறு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. எனக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு இதே ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று வந்தது. திறந்து கழுவிய பின்னர், முதலில் நரம்பு வழி மருந்து. பிறகு ரிஃபாம்பிசினோடு இன்னொரு மாத்திரை எனப் பல வாரங்கள் இரண்டும் சேர்த்தே கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக் கண்டு வீட்டில் பதறிப்போனார்கள். மருந்தின் நிறம்தான், அஞ்ச வேண்டாம் என்று தாதி சொன்ன பிறகே அமைதியானது. இரத்தம் உறையாமலிருக்க நான் உட்கொண்ட வார்ஃபரினின் அளவை அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். என் மூட்டு இன்றும் என்னுடன்தான் இருக்கிறது. எனக்குச் சேர்த்துக் கொடுத்தது சரி என்றால், இந்தப் பிள்ளையின் தந்தைக்கு ஏன் இல்லை?

மருந்தக மேசை

ஐயா, நீங்கள் எழுதியது மிகவும் பயனுள்ள எதிர்க்கேள்வி. இரண்டாவது மருந்துக்கு ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தால் சேர்க்கிறோம். "வலு கூடட்டும்" என்பதற்காகச் சேர்ப்பதில்லை. உங்கள் விஷயத்தில் ரிஃபாம்பிசினுக்கு வேலை இருந்தது. உலோகத்தின்மேல் ஸ்டெஃபிலோகாக்கஸ் பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் மெல்ல வளர்ந்தபடி ஒளிந்திருக்கும். பெரும்பாலான மருந்துகள் அங்கே மழுங்கிப்போகும், ரிஃபாம்பிசின் ஊடுருவும். சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான், மொத்தம் 33 பேர். சிப்ரோஃப்ளாக்சசினுடன் ரிஃபாம்பிசினையும் சேர்த்து முழுச் சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமடைந்தார்கள். ரிஃபாம்பிசின் இல்லாமல் முடித்த 12 பேரில் குணமடைந்தவர்கள் 7 பேர். உங்கள் மூட்டுக்கும் அந்த 33 பேருக்கும் தொடர்பு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

அதிலும் காலம் பார்த்தே தொடங்குவார்கள். முதலில் அறுவையாலும் நரம்பு வழி மருந்தாலும் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்து, காயம் உலர்ந்த பிறகே ரிஃபாம்பிசினைச் சேர்ப்பார்கள். கிருமி கூட்டமாக இருக்கும்போதே தொடங்கினால், ஆய்வுக்கூடத்தான் சொன்ன அந்த ஒற்றை மாற்றம் நேர்ந்து மருந்து வீணாகிவிடும். செயற்கை இதய வால்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்றினாலும் வழிகாட்டுதல்கள் ரிஃபாம்பிசினையும் ஜென்டமைசினையும் சேர்க்கச் சொல்கின்றன.

செயற்கைப் பொருள் எதுவும் இல்லாத சாதாரண இரத்தத் தொற்றில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனின் 29 மருத்துவமனைகளில் 758 பேரிடம் நடத்தப்பட்ட அரெஸ்ட் ஆய்வு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான மருந்துடன் ரிஃபாம்பிசின் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் 12 வாரத்துக்குள் சிகிச்சை தோற்றது, அல்லது நோய் திரும்பியது, அல்லது உயிர் பிரிந்தது. நோய் திரும்புவது மட்டும் சற்றுக் குறைந்தது. பக்க விளைவுகளும் மருந்துகளுக்கு இடையிலான மோதல்களும் கூடின. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் வகை என்பதையும் சொல்ல வேண்டும். ஜென்டமைசினும் அப்படித்தான்: ஒரு காலத்தில் தொடக்க நாள்களில் சிறிதளவு சேர்ப்பது வழக்கமாக இருந்தது, அந்தச் சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2009-ல் தெரிந்த பிறகு, சொந்த வால்வு உள்ளவர்களுக்கு அதைக் கைவிட்டார்கள்.

புங்கோல் பொறியாளர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவனல்லன். ஆனால் ஆய்வுகளை வாசிக்கும் பழக்கம் உண்டு. நீங்கள் எடுத்துக்காட்டியவை எல்லாம் தோற்ற இணைகள். டாப்டோமைசினையும் செஃப்டரோலினையும் சேர்த்துக் கொடுத்த 2019 ஆய்வில், கூட்டு மருந்து பெற்ற 17 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. ஒற்றை மருந்து பெற்ற 23 பேரில் 6 பேர் இறந்தனர். 0 விழுக்காட்டுக்கும் 26 விழுக்காட்டுக்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறதே? இதைப் பற்றி ஏன் எவரும் பேசவில்லை? மருத்துவர்கள் அளவுக்கு மீறித் தயங்குகிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுக்கூடத்தான்

பேசுவோம். அந்த இணை வெறும் கணக்குக்காகச் சேர்த்ததன்று. அறிவியல் நியாயம் உள்ளது. செஃப்டரோலின், கூடுதல் கொத்தனார் என்று நான் சொன்ன பிபிபி-2ஏ நொதியையே நேரடியாகப் பிடிக்கவல்ல பீட்டா-லாக்டம். அது செல்லின் மேற்பரப்பைப் பாதிக்கும்போது டாப்டோமைசின் அங்கே எளிதாக ஒட்டிக்கொள்கிறது. டாப்டோமைசினுக்கு அடங்க மறுக்கத் தொடங்கும் கிருமி பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கு மேலும் அடங்கிப்போகும் ஏற்ற இறக்கத்தையும் நாங்கள் தட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 40 பேர். இறப்பு வேறுபாட்டைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். சிறிய ஆய்வை முடிவு சாதகமாகத் தெரியும் நேரத்தில் நிறுத்தினால், உள்ளதைவிடப் பெரிய பலன் தெரிவது இயல்பு. பொறியாளரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை மருந்துப் பிரிவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெற்றது வான்கோமைசின் என்பதால், வெற்றி கூட்டுக்கா, டாப்டோமைசினுக்கா என்பதையும் பிரித்தறிய முடியவில்லை. ஸ்பெயினில் டாப்டோமைசினுடன் ஃபாஸ்ஃபோமைசினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறாவது வாரத்தில் வெற்றி கூட்டுப் பிரிவில் 54 விழுக்காடு, மற்றதில் 42 விழுக்காடு. கிருமி எஞ்சுவது குறைந்தது, பக்க விளைவுகள் கூடின. மொத்த வேறுபாடோ உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எட்டவில்லை. கேமரா-2 காட்டிய அதே முகம்.

இன்றைய நிலையில், தகுந்த ஒற்றை மருந்து கொடுத்தும் பல நாளாக இரத்தத்தில் கிருமி நீங்காதவர்களுக்கே டாப்டோமைசின்-செஃப்டரோலின் இணையை எடுக்கிறார்கள். கதவு மூடப்படவும் இல்லை. கேமரா-2 ஆய்வில் சிறுநீரகப் பாதிப்பு ஃப்ளூக்ளாக்சசிலின், க்ளாக்சசிலின் பெற்றவர்களிடமே அதிகம். செஃபசோலின் பெற்றவர்களிடம் குறைவு, ஆனால் அவர்கள் சொற்பமானவர்கள். ஆகவே வான்கோமைசினுடனோ டாப்டோமைசினுடனோ செஃபசோலினைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை, 2022-ல் தொடங்கிய ஸ்னாப் என்ற பன்னாட்டு ஆய்வில் ஒரு கேள்வியாக வைத்திருக்கிறார்கள். கிருமியின் நச்சுப் புரதத்தைத் தடுக்க கிளிண்டமைசினைச் சேர்ப்பது உதவுமா என்பதும் அதே ஆய்வின் மற்றொரு கேள்வி.

இன்னொன்று, இதைச் சகோதரிக்காகச் சொல்கிறேன். இரத்தத்தில் கிருமி நீங்காமல் இருந்தால், "மருந்தைக் கூட்டலாமா" என்பதற்கு முன் கேட்க வேண்டியது "கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது" என்பதுதான். இதய வால்வு, முதுகெலும்பு, தசைக்குள் ஒரு சீழ்க்கட்டி, நெடுநாள் இருந்த ஒரு குழாய். ஊற்றை வடிக்காமலோ அகற்றாமலோ எத்தனை மருந்து சேர்த்தாலும் மறுநாள் கல்ச்சர் பாட்டில் மீண்டும் மின்னும். எங்கள் இயந்திரத்தில் கிருமி வளர்ந்தால் அந்தப் பாட்டிலின் இடத்தில் விளக்கு எரியும். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எரிந்துவிடும். அழைத்துச் சொன்னதும் வார்டு மருத்துவர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது. தொற்றுநோய் நிபுணர் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வி எங்கே வலிக்கிறது என்பது.

யீஷூன்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆய்வுக்கூடத்தார் எழுதியதைப் படித்த பிறகு, அப்பா சில நாளாக இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்று முனகியதை மருத்துவரிடம் சொன்னேன். படுத்தே இருப்பதால் வரும் வலி என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர்கள் முன்பே எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்திருந்தார்கள், வால்வில் ஒன்றுமில்லை. எம்ஆர்ஐ எடுத்ததில் முதுகெலும்பை ஒட்டிய தசையில் சீழ் தேங்கியிருப்பது தெரிந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசிக்குழாய் செலுத்தி வடித்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி வளரவில்லை. அந்த நாளிலிருந்துதான் ஆறு வாரக் கணக்கு தொடங்கும் என்றார்கள்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் சற்று ஏறியதால் வான்கோமைசினை நிறுத்திவிட்டு டாப்டோமைசினுக்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போதும் ஒரே மருந்துதான். சித்தப்பாவிடம் காரணத்தை என்னால் விளக்க முடிந்தது. கையில் நீண்ட குழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்பி, நாள்தோறும் வந்து மருந்தேற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குள்ள ஐயம் ஒன்றுதான். அப்பா பல ஆண்டுகளாகக் கொழுப்புக்கு அட்டோர்வஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறார். பலதுறை மருந்தகத்தில் வாங்கிய இருப்பு வீட்டில் நிறைய இருக்கிறது. மருத்துவமனைப் பட்டியலில் அது இல்லை. மறந்துவிட்டார்களா, வீட்டுக்கு வந்ததும் கொடுக்கலாமா?

மருந்தக மேசை

சீழ் வடிந்த செய்தி மகிழ்ச்சி அளிக்கிறது, சகோதரி. கொடுக்க வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டாப்டோமைசின் சிலருக்குத் தசையைப் பாதிக்கும். ஸ்டாட்டின் வகை மாத்திரைகளும் அரிதாக அதையே செய்யும். ஆகவே டாப்டோமைசின் முடியும்வரை ஸ்டாட்டினை நிறுத்திவைப்பது பலர் கடைப்பிடிக்கும் முறை. பட்டியலில் இல்லாதது பெரும்பாலும் மறதியாக இருக்காது. இருந்தாலும் வீடு திரும்பும் நாளில் மருந்தாளரிடம், "அட்டோர்வஸ்டாட்டினை நிறுத்தியிருப்பது டாப்டோமைசினுக்காகவா, எந்தத் தேதியில் மீண்டும் தொடங்குவது?" என்று கேட்டு, விடையை மருந்துப் பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு எவரும் நினைவூட்டாமல் கொழுப்பு மாத்திரை அப்படியே விடுபட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாரம் ஒருமுறை சிகே என்ற தசை நொதியையும் கிரியேட்டினினையும் இரத்தத்தில் பார்ப்பார்கள். அந்தச் சோதனை நாளைத் தவறவிடாதீர்கள். தொடையிலோ தோளிலோ புதிதாக வலி, மாடிப்படி ஏறும்போது வழக்கமில்லாத தளர்ச்சி, புதிய இருமலோடு மூச்சுத்திணறல், மீண்டும் காய்ச்சல், முதுகுவலி கூடுதல், குழாய் இருக்கும் கை வீங்குதல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே அழையுங்கள். கால்களில் வலுவின்மையோ சிறுநீர், மலம் கழிப்பதில் தடையோ ஏற்பட்டால் அழைத்துக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரை இருப்பை இப்போதைக்குத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அப்பா பழக்கத்தில் கைநீட்டி எடுத்துவிடக்கூடும்.